குளிர்சாதனப் பெட்டியின் நட்சத்திரமும் செட்டிநாட்டு வெயிலும்

காரைக்குடியில் செக்காலைச் சாலையிலும் கல்லுக்கட்டியிலும் இருக்கும் வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் பங்குனி பிறந்துவிட்டால் ஃபிரிட்ஜ் வியாபாரம் சூடுபிடித்துவிடும். வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், லிட்டரைக் கேட்பார்கள், பிறகு கதவில் ஒட்டியிருக்கும் வில்லையில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுவார்கள். ஐந்து என்றால் நல்லது, மூன்று என்றால் பரவாயில்லை என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதே வில்லையில் அச்சிட்டிருக்கும் மற்றோர் எண்ணை, அதாவது இந்தப் பெட்டி ஓர் ஆண்டில் இத்தனை யூனிட் மின்சாரம் எடுக்கும் என்று சொல்லும் எண்ணை, நின்று படிப்பவர்கள் குறைவு. அந்த எண் எந்த அறையில், எந்த வெப்பத்தில், யார் வைத்த விதியின்படி அளக்கப்பட்டது என்று தெரிந்தால்தான், கத்திரி வெயிலில் கண்டனூரிலோ பள்ளத்தூரிலோ உள்ள ஓர் அடுப்படியில் அதற்கு என்ன பொருள் என்பது விளங்கும்.

இந்த வில்லைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், மத்திய மின்துறை அமைச்சகத்தின் பொறுப்பில், எரிசக்தித் திறன் பணியகம் 2002 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது. எந்தெந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று வரம்பு வைக்கவும், அந்த விவரத்தைச் சாதனத்தின் மேலேயே ஒட்டச் சொல்லவும், வரம்புக்கு உட்படாததை விற்கக் கூடாது என்று தடுக்கவும் அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. நட்சத்திரத் திட்டம் 2006 மே மாதத்தில் அறிமுகமானது. தொடக்கத்தில் அது தயாரிப்பாளர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. 2010 ஜனவரி முதல், கடைக்காரர்கள் ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்று சொல்லும் உறைபனி படியாத வகைக் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு அது கட்டாயமாயிற்று. ஒற்றைக் கதவு கொண்ட டைரக்ட் கூல் வகை, நம் ஊர் வீடுகளில் மிகுதியாக இருப்பது, பின்னாளில்தான் கட்டாயப் பட்டியலுக்குள் வந்தது.

சட்டம் வரம்பு வைக்கலாம். ஆனால் வரம்பை எதைக் கொண்டு அளப்பது என்பது வேறு கேள்வி. ஒரே பெட்டி மார்கழியில் எடுக்கும் மின்சாரமும் சித்திரையில் எடுக்கும் மின்சாரமும் ஒன்றல்ல. கதவை நாளுக்குப் பத்து முறை திறக்கும் வீடும் அறுபது முறை திறக்கும் வீடும் ஒன்றல்ல. இட்லி மாவை ஆறவிட்டு வைப்பவரும், இறக்கிய சூட்டோடு குழம்புச் சட்டியை உள்ளே தள்ளுபவரும் ஒன்றல்ல. இத்தனை வேறுபாடுகளையும் விலக்கிவிட்டு, எந்தக் கூடத்தில் எவர் அளந்தாலும் ஒரே விடை கிடைக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டதே சோதனை விதி. எனவே அந்த விதி முதலில் தேடுவது வீட்டு வாழ்க்கையோடு ஒத்துப்போவதை அல்ல. திரும்பத் திரும்பச் செய்தாலும் மாறாத ஒரு விடையை. இந்த முன்னுரிமையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

சோதனைக்கூடத்தில் நடப்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட ஓர் அறைக்குள் பெட்டி மரமேடை ஒன்றின்மேல் நிறுத்தப்படுகிறது. அறைக்குள் காற்று பெட்டியின்மேல் வீசிக் குளிர்விக்காதபடி அதன் வேகத்துக்கு வரம்பு உண்டு. மின்னழுத்தம் ஏறி இறங்காமல் குறித்த அளவிலேயே நிறுத்தப்படுகிறது. பெட்டிக்குள் மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என்று குறிக்கப்பட்ட இடங்களில் வெப்ப உணரிகள் தொங்கவிடப்படுகின்றன. ஒவ்வோர் உணரியும் செம்பாலோ பித்தளையாலோ ஆன ஒரு சிறு உருளைக்குள் செருகப்பட்டிருக்கும். காற்றின் நொடிநேர ஏற்றத்தாழ்வைக் காட்டாமல், உள்ளே இருக்கும் பொருள் உணரக்கூடிய நிதானமான வெப்பநிலையைக் காட்டுவதற்கே அந்த உலோக உருளை. பிறகு கதவு மூடப்படுகிறது. சோதனை முடியும்வரை பெரும்பாலும் அது திறக்கப்படுவதில்லை.

ஃபிரிட்ஜின் வெப்பக் குமிழை எந்த எண்ணில் வைத்துச் சோதிப்பது என்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் குமிழில் 3 என்றிருப்பது இன்னொரு நிறுவனத்தின் 5க்குச் சமமாக இருக்கலாம். ஆகையால் குமிழின் எண்ணை விதி கணக்கில் கொள்வதில்லை; உள்ளே எட்டப்பட வேண்டிய வெப்பநிலையைத்தான் சொல்கிறது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 2015ஆம் ஆண்டுத் தரமான ஐ.இ.சி. 62552இன்படி, உணவு வைக்கும் பகுதியின் சராசரி 4 டிகிரி செல்சியஸாகவும், மூன்று நட்சத்திரக் குறி பெற்ற உறைபகுதி (இது வில்லையின் நட்சத்திரம் அல்ல; உறைபகுதியின் குளிர்ச்சியைக் காட்டும் தனிக் குறி) மைனஸ் 18 டிகிரியாகவும் இருக்க வேண்டும். துல்லியமாக 4இல் நிறுத்த முடியாவிட்டால், சற்று மேலாக ஒருமுறையும் சற்றுக் கீழாக ஒருமுறையும் ஓடவிட்டு, இரண்டுக்கும் நடுவே கணக்கிட்டுக்கொள்கிறார்கள். உறைபனியைத் தானாகவே உருக்கும் பெட்டியானால் அதற்கான சூடேற்றி எடுக்கும் மின்சாரமும் கணக்கில் சேரும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 17550 என்ற தொடர் இந்தப் பன்னாட்டுத் தரத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதற்கு முன் டைரக்ட் கூல் வகைக்கு ஐ.எஸ். 1476, ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைக்கு ஐ.எஸ். 15750 என்று தனித்தனித் தரங்கள் இருந்தன.

இனி மையமான கேள்வி: மூடிய கதவோடு சோதித்தால், நாள் முழுவதும் கதவு திறந்து மூடும் வீட்டின் செலவை அது எப்படிச் சொல்லும்?

இதற்கு அமெரிக்கா கண்ட வழியை மற்ற நாடுகளும் வெவ்வேறு அளவில் பின்பற்றின. அங்கே சோதனை அறையின் வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ். அமெரிக்க வீடுகளின் சமையலறை ஆண்டு முழுவதும் அவ்வளவு சூடாக இருப்பதில்லை. வேண்டுமென்றே வெப்பத்தைக் கூட்டி வைத்து, அதனால் கூடும் செலவைக் கதவு திறப்பதாலும் புதிய பொருள் வைப்பதாலும் ஏற்படும் செலவுக்கு ஈடாக எடுத்துக்கொண்டார்கள். கதவை எந்திரக் கையால் நாளெல்லாம் திறந்து மூடுவதைவிட இது எளிது, செலவும் குறைவு, விடையும் மாறுவதில்லை. ஜப்பான் எதிர்த்திசையில் போய், கதவைத் திறந்து மூடியே சோதித்தது. ஆனாலும் விற்பனைப் பட்டியலில் போட்ட எண்ணுக்கும் வீடுகளில் உண்மையாக ஆன செலவுக்கும் இடைவெளி பெரிதாகப் போனதால், 2006இல் தன் சோதனை முறையைத் திருத்த வேண்டியதாயிற்று. பின்னர் வந்த 2015 பன்னாட்டுத் தரம் இடைவழி ஒன்றை எடுத்தது. 16 டிகிரியில் ஒருமுறை, 32 டிகிரியில் ஒருமுறை என இரு வெப்பங்களில் அளந்து, இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதை அந்தந்த நாட்டின் தட்பவெப்பத்துக்கு விட்டுவிட்டது. அறை வெப்பத்திலுள்ள தண்ணீரை உள்ளே வைத்து, அதைக் குளிர்விக்க எவ்வளவு கூடுதல் மின்சாரம் ஆகிறது என்று தனியாக அளக்கவும் அது வழி சொல்கிறது.

இந்த விதிகள் வெறும் காகிதம் அல்ல என்பதற்கு அமெரிக்க வரலாறே சான்று. 1970களின் நடுவில் அங்கு விற்ற ஒரு சராசரிக் குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் எடுத்தது. முதலில் கலிஃபோர்னியா மாநிலமும், 1987ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுவதும் வரம்பு வைத்து, 1990, 1993, 2001 என்று படிப்படியாக இறுக்கிக்கொண்டு வந்தன. 2001இல் சராசரி 500 யூனிட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. பெட்டி சிறுக்கவில்லை, பெருக்கத்தான் செய்தது. காப்புச் சுவர் தடித்தது, கம்ப்ரஸர் திருந்தியது, கதவின் ரப்பர் இறுகியது. அளக்கும் முறை ஒன்று இருந்ததால்தான் இறுக்க முடிந்தது.

நம் நாட்டின் முந்தைய அட்டவணைகளின் கணக்கிலும் அறை வெப்பம் 32தான். இப்போது அந்த 32 டிகிரியைச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவருவோம். அமெரிக்கச் சமையலறைக்கு 32 என்பது கூட்டி வைத்த வெப்பம். கதவு திறப்பதற்கான ஈடு அதற்குள் அடங்கியிருந்தது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கோடையின் பகல் நேரத்தில் 32 என்பது ஆறுதலான வெப்பம். 38, 39 என்று ஏறி நிற்கும் நாள்களில் ஈடு என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. கணக்கு எளியதுதான். பெட்டியின் சுவர் வழியே உள்ளே கசியும் வெப்பம், வெளிவெப்பத்துக்கும் உள்வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 32, உள்ளே 4 என்றால் வேறுபாடு 28. வெளியே 40 ஆனால் வேறுபாடு 36. உணவுப் பகுதிக்குள் கசியும் வெப்பம் இதனால் மட்டும் ஏறத்தாழ 29 விழுக்காடு கூடுகிறது. மைனஸ் 18இல் இருக்கும் உறைபகுதிக்கு 50 என்ற வேறுபாடு 58 ஆகிறது. அங்கே 16 விழுக்காடு. இதோடு நிற்பதில்லை. உள்ளிருந்து எடுத்த வெப்பத்தைப் பின்புறக் குழாய்களின் வழியே வெளிக்காற்றில் தள்ள வேண்டும். வெளிக்காற்றே சூடாக இருந்தால் கம்ப்ரஸர் கூடுதல் அழுத்தத்துக்கு எதிராக உழைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் அது அகற்றும் வெப்பம் குறையும். இரண்டும் சேர்ந்தால் கோடைப் பகலின் செலவு, வில்லையைக் கொண்டு போட்ட கணக்கைவிட நன்றாகவே கூடிவிடும்.

ஆனால் வில்லை பொய் சொல்கிறது என்று இதை வைத்து முடிவு கட்டுவது நியாயமாகாது. அது ஓர் ஆண்டுக்கான எண். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 32க்கு வெகுவாகக் கீழே போய்விடுகிறது. கோடையிலும் பின்னிரவு தணிந்துவிடுகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் கூடியதில் ஒரு பகுதி குறைந்ததோடு சரியாகிவிடும். கதவு திறப்பதற்கான பங்குதான் நம்மூரில் ஈடுகட்டப்படாமல் நிற்கிறது. என் எண்ணத்தில், நாட்டுக்கு முழுமையாக ஒரே எண் போடுவது நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் ஊட்டியில் இருக்கும் வீட்டுக்கும் தேவகோட்டையில் இருக்கும் வீட்டுக்கும் அதே எண்ணைக் காட்டுவது வாங்குகிறவருக்கு முழு உதவி ஆகாது. இரண்டு வெப்பங்களில் அளக்கும் தரம் கையில் வந்துவிட்ட பிறகு, குளிர்ந்த இடத்துக்கு இவ்வளவு, சூடான இடத்துக்கு இவ்வளவு என்று வில்லையிலேயே இரு எண்கள் போடுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

வெப்பத்தைப் பற்றி இன்னொரு விவரம் பெட்டியிலேயே இருக்கிறது. அதை எவரும் பார்ப்பதில்லை. பெட்டியின் பின்புறத்திலோ உட்பக்கச் சுவரிலோ ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் தட்பவெப்ப வகை என்று ஓர் எழுத்து இருக்கும். என் என்றால் 16 முதல் 32 டிகிரி வரையிலும், எஸ்டி என்றால் 38 வரையிலும், டி என்றால் 43 வரையிலும் சூழல் இருக்கும்போது உள்ளே குறித்த குளிர்ச்சியைக் காக்க வல்லது என்று பொருள். டி வகைப் பெட்டியை 43 டிகிரி அறையில் வைத்து, உள்ளே வெப்பநிலை தாக்குப்பிடிக்கிறதா என்று சோதிக்கிறார்கள். இது மின்சாரத்தை அளக்கும் சோதனை அன்று. உணவைக் காக்கும் திறனைப் பார்க்கும் சோதனை. நட்சத்திரம் எத்தனை இருந்தாலும், நம் பகுதிக்கு வாங்குகிறவர்கள் டி என்ற எழுத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது. சித்திரை மதியத்தில் பால் திரிந்து போனால் நட்சத்திரத்தால் பயனில்லை.

வீட்டின் அமைப்பும் கணக்கில் சேரும். கண்டனூரில் என் ஆயா (பாட்டி) வீடு பழைய முறையில் கட்டியது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னே அடுப்படி என்று நீண்டு கிடக்கும். கனத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் நடுவே திறந்த முற்றமும் இருப்பதால், வெளியே வெயில் கொளுத்தும்போதும் இரண்டாங்கட்டின் உள்ளறைகளில் ஒரு குளுமை நிற்கும். முதன்முதலாக ஃபிரிட்ஜ் வந்தபோது அதை அடுப்படியில், விறகடுப்புக்கு நான்கடி தள்ளி, சுவரோடு சுவராக ஒட்டி வைத்தார்கள். எடுக்கக் கொள்ளச் சௌகரியம் என்பது காரணம். வெயில் உள்ளே இறங்காதபடி கட்டிய வீட்டில், இருக்கிற இடங்களிலேயே சூடான இடத்தில் அது போய் நின்றது. பிறகு இரண்டாங்கட்டுப் பட்டாலைக்கு மாற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம். கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தது நின்று, விட்டு விட்டு ஓடத் தொடங்கியது காதுக்கே தெரிந்தது. ஊரின் ஓரங்களில் இப்போது எழும் கான்கிரீட் வீடுகளில் மேல்தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவெல்லாம் கீழே இறக்குகிறது. ஒரே பெட்டி, ஒரே நட்சத்திரம், ஒரே ஊர். ஆனாலும் பழைய வீட்டின் உள்ளறை சோதனை அறைக்கு அருகில் நிற்கிறது, புதிய வீட்டின் சமையலறை அதற்கு வெகு தொலைவில் நிற்கிறது.

இனி நட்சத்திரத்துக்கு வருவோம். நட்சத்திரம் எடுத்த எடுப்பில் மின்சாரத்தின் அளவைச் சொல்வதில்லை; ஒரே வகையில், ஒரே கொள்ளளவில் இருக்கும் பெட்டிகளுக்குள் இது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் சொல்கிறது. டைரக்ட் கூலுக்கு ஓர் அட்டவணை, ஃப்ராஸ்ட் ஃப்ரீக்கு வேறோர் அட்டவணை. பெட்டி பெரிதாகப் பெரிதாக அனுமதிக்கப்படும் யூனிட்டும் கூடிக்கொண்டே போகும். எனவே ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய இரட்டைக் கதவுப் பெட்டி, மூன்று நட்சத்திரம் பெற்ற சிறிய ஒற்றைக் கதவுப் பெட்டியைவிடக் கூடுதல் மின்சாரம் எடுப்பது முற்றிலும் இயல்பானது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, நட்சத்திரம் கூடுதலாக இருக்கிறதே என்று 400 லிட்டர் பெட்டி வாங்குவது மின்சாரச் சிக்கனம் ஆகாது.

கொள்ளளவையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. உறைபகுதியின் ஒரு லிட்டரைக் குளிர்விப்பது, உணவுப் பகுதியின் ஒரு லிட்டரைக் குளிர்விப்பதைவிடக் கடினம். அதனால் உறைபகுதி லிட்டரை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிச் சேர்க்கிறார்கள். முந்தைய இந்திய அட்டவணைகளில் ஃப்ராஸ்ட் ஃப்ரீக்கு அது 1.62, டைரக்ட் கூலுக்கு 1.31. இந்த எண்கள் ஆகாயத்திலிருந்து விழுந்தவை அல்ல. அந்தப் பழைய கணக்கின்படி அறை 32, உணவுப் பகுதி 3, உறைபகுதி மைனஸ் 15 என்று கொண்டால், உறைபகுதியின் வெப்ப வேறுபாடு 47, உணவுப் பகுதியுடையது 29. 47ஐ 29ஆல் வகுத்தால் 1.62 வருகிறது. உறைபகுதி மைனஸ் 6 மட்டும் என்றால் 38ஐ 29ஆல் வகுக்க 1.31. சுவர் வழியே வெப்பம் கசிவதைப் பற்றி மேலே சொன்ன அதே கணக்குதான் இது.

அட்டவணை அவ்வப்போது இறுக்கப்படுவதும் வாங்குகிறவர்கள் அறிய வேண்டியது. 2020 ஜனவரியிலும் 2023 ஜனவரியிலும் குளிர்சாதனப் பெட்டிகளுக்கான வரம்புகள் மாற்றப்பட்டன. ஒவ்வொரு முறையும் நேற்று ஐந்து நட்சத்திரம் வாங்கிய மாதிரி, எந்த மாற்றமும் செய்யப்படாமல் இன்று நான்குக்கோ மூன்றுக்கோ இறங்கிவிடுகிறது. ஆகவே வில்லையில் குறிப்பிட்டிருக்கும் காலத்தைப் பார்க்காமல் நட்சத்திரத்தை மட்டும் எண்ணுவது, வருடம் பார்க்காமல் நாள்காட்டியில் தேதியைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். கிடங்கில் தேங்கிய பழைய சரக்குத் தள்ளுபடி விலையில் வரும்போது இது குறிப்பாகப் பொருந்தும். யூனிட் எண் அப்படி இறங்குவதில்லை என்பதால், இரு பெட்டிகளை ஒப்பிட அதுவே நம்பகமான துணை. இரண்டும் ஒரே சோதனைத் தரத்தின்படி அளந்தவையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எரிசக்தித் திறன் பணியகத்தின் கைப்பேசிச் செயலியில் மாதிரியின் பெயரைக் கொடுத்துப் பதிவு விவரத்தைச் சரிபார்க்கவும் இப்போது முடிகிறது.

இந்த எண்களைத் தருவது யார்? முதலில் தயாரிப்பாளரே சோதித்து, அறிக்கையோடு பணியகத்தில் பதிவு செய்கிறார். தானே அளந்து தானே சொல்வதில் ஆபத்து உண்டு என்பதால், பணியகம் சந்தையிலிருந்து மாதிரிகளை எடுத்து, தேசிய அங்கீகாரம் பெற்ற தனிச் சோதனைக்கூடங்களில் அளந்து பார்க்கிறது. முதல் மாதிரி தேறாவிட்டால் உடனே தண்டிப்பதில்லை. இருமடங்கு எண்ணிக்கையில் மீண்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அதிலும் தேறாவிட்டால் சரக்கைத் திரும்பப் பெறவும், வில்லையைத் திருத்தவும், விவரத்தைப் பொதுமக்களுக்கு அறிவிக்கவும் விதி இருக்கிறது.

இந்தக் கண்காணிப்பு ஏன் தேவை என்பதற்கு 2010இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஒரு நுகர்வோர் அமைப்பு தானே சோதித்துப் பார்த்ததில், சில மாதிரிகளுக்குள் சோதனை அறையின் சூழலை உணர்ந்து அப்போது மட்டும் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும் அமைப்பு இருந்தது தெரியவந்தது. சோதனை விதி வெளிப்படையானது. எந்த வெப்பம், கதவு எவ்வளவு நேரம் மூடியிருக்கும் என்பதெல்லாம் அச்சிட்ட ஆவணத்தில் இருக்கிறது. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள பெட்டிக்கு அதை அடையாளம் காண்பது கடினமில்லை. ஆகையால்தான் புதிய தரங்களில் இத்தகைய சூழ்ச்சியைத் தடுக்கும் பிரிவுகள் சேர்ந்திருக்கின்றன. நேர்மையான பிழைகளும் உண்டு. தானாகப் பனிக்கட்டி செய்யும் கருவிக்கு அமெரிக்கா ஆண்டுக்கு 84 யூனிட் என்று ஒரே தொகையாகச் சேர்த்துவந்தது. வீடுகளில் உண்மையாக ஆகும் செலவு அதைவிடக் குறைவு என்று தெரிந்ததும் 2021இல் அதை 28 ஆகக் குறைத்தார்கள். விதியைத் திருத்திக்கொள்ள மனமிருப்பது அதன் பலம் என்றே நான் கருதுகிறேன். நம்மிடம் குறைவது, சந்தைச் சோதனையின் முடிவுகள் சிறு நகரத்து வாடிக்கையாளரின் கண்ணுக்கு எட்டுவது. எந்த மாதிரி தேறவில்லை என்ற செய்தி காரைக்குடிக் கடையின் சுவரில் தமிழில் ஒட்டப்பட்டால், அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

சோதனைக்குள் வராத செலவுகள் சிலவும் நம் வீடுகளில் இருக்கின்றன. மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருக்களில் ஸ்டெபிலைசர் இல்லாமல் யாரும் ஃபிரிட்ஜ் வைப்பதில்லை. அது எடுக்கும் மின்சாரம் வில்லையில் இல்லை. டைரக்ட் கூல் பெட்டியின் உறைபகுதியில் விரற்கடை அளவு பனி ஏறிவிட்டால், அதுவே ஒரு போர்வைபோல் குளிரைத் தடுத்து நிற்கும். புதுப்பெட்டியை அளந்த எண் அதற்குப் பொருந்தாது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் பூட்டிய வீடுகளில் வேறொரு நிலைமை. சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பத்து நாளுக்காக ஒரு பெட்டியை ஆண்டு முழுவதும் ஓடவிட்டுப் போகும் வீடுகளை நான் அறிவேன். வில்லையின் எண் 365 நாளுக்கானது; பத்து நாள் ஓடினால் அதில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் ஆகும். காலி செய்து, துடைத்து, கதவைச் சற்றே திறந்து வைத்துவிட்டுப் போனால் பூசணமும் பிடிக்காது.

மின்கட்டணத்தில் இது எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: வில்லையில் 219 யூனிட் என்றிருந்தால் நாளுக்கு 0.6 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 36 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், சிறு குடும்பத்தில் ஃபிரிட்ஜின் செலவு முழுவதும் அதற்குள் அடங்கியும் போகலாம். ஏ.சி. ஓடும் வீட்டில் நிலைமை வேறு. மொத்தம் 500ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும். அந்த எல்லையில் நிற்கும் வீட்டுக்கு, கோடையில் ஃபிரிட்ஜ் கூடுதலாக எடுக்கும் பத்துப் பன்னிரண்டு யூனிட்டும் சில நூறு ரூபாயாக மாறலாம்.

தன் வீட்டுப் பெட்டி வில்லைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சோதனைக்கூடம் வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு விளக்கு, மின்விசிறி, மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, மின்மீட்டரைப் பாருங்கள். மின்னணு மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும், பல மீட்டர்களில் அது 3,200. 219 யூனிட் பெட்டி ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 80 முறை மின்ன வைக்க வேண்டும். கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும் என்பதால் பத்து நிமிடம் எண்ணி விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரமாவது எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். கதவு மூடியிருக்கும், புதிதாக எதுவும் உள்ளே வைக்கப்படாத, வெயில் தணிந்த அந்த இரவு நேரம்தான் சோதனை அறைக்கு மிக நெருங்கிய சூழல். அப்போதும் எண்ணிக்கை 150, 160 என்று போனால், கோடையின் மேல் பழி போட முடியாது. கதவின் ரப்பருக்கு நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் குளிர் அங்கேதான் போகிறது. ரப்பர் இறுக்கமாக இருந்தால், பின்புறக் குழாய்களில் படிந்த தூசியையும், சுவருக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள இடைவெளியையும் அடுத்ததாகப் பார்க்க வேண்டும்.